சி டிரைவ் சிவந்துடுச்சா? எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் ரெண்டும் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு நீளமான த்ரெட்

இன்பாக்ஸில் காய்ச்சல், சர்க்கரை, முழங்கால் வலிக்கு அடுத்தபடியா எனக்கு அதிகமா வர்ற கேள்வி இதுதான்: "டாக்டர், லேப்டாப்ல சி டிரைவ் சிவப்பா காட்டுது. டி டிரைவ்ல 800 ஜிபி சும்மா கிடக்கு. சி-ல இருக்கிறதைத் தூக்கி டி-ல போட்டுடலாமா?"

டாக்டர்கிட்ட ஏன் இதைக் கேட்கிறாங்கன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. எங்க ஆஸ்பத்திரியில பிரிண்டர் மக்கர் பண்ணாலும், கம்ப்யூட்டர் படுத்தாலும், முதல்ல தேடுற ஆள் நான்தான். ஓபி முடிஞ்சு எந்திரிக்கும்போது வாசல்ல ஒரு நோயாளியும் ஒரு லேப்டாப்பும் சேர்ந்தே நிக்கும். படிச்சது எம்பிபிஎஸ் மட்டும்தான். மீதியெல்லாம் காலேஜ் ஹாஸ்டல்ல கம்ப்யூட்டரைக் கழட்டி மாட்டிக் கத்துக்கிட்டது.

கேள்விக்குப் பதில் ஒரு வரியில சொல்லலாம். தூக்கிப் போடலாம், ஆனா எதைத் தூக்குறோம்னு தெரிஞ்சு தூக்கணும். அந்த "எதை" தான் இந்த த்ரெட் முழுக்க.

முதல்ல ரெண்டு டிரைவுக்கும் என்ன வித்தியாசம்னு பார்த்துடுவோம். இது புரிஞ்சா மீதி முக்கால்வாசி தானா விளங்கிடும்.

பழைய ஹார்ட் டிஸ்க் உள்ளே நிஜமாவே ஒரு தட்டு சுத்துது. நிமிஷத்துக்கு 7200 சுத்து, அதாவது ஒரு விநாடிக்கு 120. ஒரு சுத்துக்கு 8.3 மில்லி விநாடி. நமக்கு வேணுங்கிற ஃபைல் தட்டுல எங்கே இருக்கோ அங்கே அந்தச் சின்ன முள் நகர்ந்து போகணும், போய் தட்டு சுத்தி அந்த இடம் கீழே வர்ற வரைக்கும் காத்திருக்கணும். நகர சராசரியா 8 மில்லி விநாடி, காத்திருக்க 4. ஆக ஒரு தடவை தேட 12 மில்லி விநாடி. கேட்க ரொம்பக் கொஞ்சமாத் தெரியும். ஆனா கணக்குப் போடுங்க: ஒரு விநாடிக்கு 80 தேடல்தான் முடியும். விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்களை அங்கொண்ணும் இங்கொண்ணுமா படிக்குது. அதான் பவர் பட்டனை அமுக்கிட்டு டீ குடிச்சுட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. லேப்டாப்புல வர்ற ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் 5400 சுத்துதான், அது இன்னும் மெதுவு.

எஸ்எஸ்டி-ல சுத்துற சாமானே கிடையாது. எல்லாம் சிப்பு. எந்த மூலையில இருந்தாலும் தேட ஆகுற நேரம் ஒண்ணுதான். விநாடிக்குப் பல ஆயிரம் தேடல் சாதாரணமா முடியும். அதனாலதான் பத்து வருஷத்துப் பழைய லேப்டாப்புல எஸ்எஸ்டி மாட்டினா புதுசு வாங்கின மாதிரி இருக்கு.

ஆனா இதே ஹார்ட் டிஸ்க்கிட்ட ஒரே பெரிய ஃபைலைக் கேளுங்க, உதாரணமா ஒரு கல்யாண வீடியோ. முள் ஒரு இடத்துல உக்காந்துக்கிட்டு விநாடிக்கு 100 எம்பிக்கு மேல வரிசையா படிச்சுத் தள்ளிடும். வீடியோ ஓட அவ்வளவு வேகம் தேவையே இல்லை. அதனால கல்யாண வீடியோவை எஸ்எஸ்டி-ல வச்சாலும் மாப்பிள்ளை சீக்கிரம் தாலி கட்டிட மாட்டார்.

எங்க மொழியில சொல்லணும்னா எஸ்எஸ்டி கேஷுவாலிட்டி, ஹார்ட் டிஸ்க் ரெக்கார்டு ரூம். கேஷுவாலிட்டியில பெட் கம்மி. ஆக்சிஜன், சக்‌ஷன், ட்ராலி எல்லாம் கை நீட்டினா எட்டணும். அங்கே போய் 2015-ம் வருஷ கேஸ் ஷீட் கட்டுகளை அடுக்கி வைக்க மாட்டோம். அதே சமயம் டீஃபிப்ரிலேட்டரை ரெக்கார்டு ரூம்ல பூட்டி வைக்கவும் மாட்டோம்.

ஆக விண்டோஸ், புரோகிராம்கள், இன்னைக்கு நீங்க வேலை பார்க்குற ஃபைல் இதெல்லாம் எஸ்எஸ்டி. ஃபோட்டோ, வீடியோ, பழைய டாக்குமெண்ட், என்னைக்கோ ஒரு நாள் வேணும்னு வச்சிருக்கிறது எல்லாம் ஹார்ட் டிஸ்க்.

அடுத்தது, எதையும் தொடுறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். உங்க சி-யும் டி-யும் நிஜமாவே ரெண்டு டிஸ்க்தானா? டாஸ்க் பாரில் ரைட் கிளிக் பண்ணி டாஸ்க் மேனேஜர் திறங்க, அதுல பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போங்க. டிஸ்க் 0, டிஸ்க் 1-ன்னு தனித்தனியா காட்டி, ஒண்ணுல எஸ்எஸ்டி, இன்னொண்ணுல ஹெச்டிடி-ன்னு இருந்தா ரெண்டு டிஸ்க். ஒரே டிஸ்க் 0-வுக்குக் கீழே சி, டி ரெண்டும் சேர்ந்து இருந்தா, அது ஒரே வீட்டுக்கு நடுவுல தட்டி வச்சு மறைச்ச கதை. என்கிட்ட "ரெண்டு டிரைவ் இருக்கு டாக்டர்"னு வர்றவங்கள்ல நிறைய பேரோடது இந்தத் தட்டி வீடுதான். அவங்களுக்கு வேகத்துல எந்த வித்தியாசமும் வராது, இடம் மட்டும் ஒரு அறையிலேர்ந்து இன்னொரு அறைக்கு மாறும். முக்கியமா, வீடு இடிஞ்சா ரெண்டு அறையும் சேர்ந்துதான் போகும். "முக்கியமானதையெல்லாம் டி-ல வச்சிருக்கேன், சேஃப்"னு நம்புறவங்க இதை ஒரு தடவை பார்த்துக்கோங்க.

(இடையில ஒரு சின்ன விஷயம். "1 டிபி வாங்கினேன், 931 தான் காட்டுது, கடைக்காரர் ஏமாத்திட்டார்"னு ஒருத்தர் சண்டைக்கே போயிருக்கார். யாரும் ஏமாத்தலை. டிஸ்க் தயாரிக்கிறவங்க 1000, 1000-ஆ பெருக்கி எண்ணுறாங்க, விண்டோஸ் 1024, 1024-ஆ வகுத்துக் காட்டுது. அதே கணக்குலதான் 240 ஜிபி எஸ்எஸ்டி 223-ன்னு காட்டும். இன்னொண்ணு, டிரைவ் எழுத்து ஏன் சி-லேர்ந்து ஆரம்பிக்குதுன்னு பசங்க கேட்பாங்க. ஏ, பி ரெண்டும் ஃப்ளாப்பிக்கு ஒதுக்கினது. ஃப்ளாப்பி போயிடுச்சு, நாற்காலி மட்டும் காலியா கிடக்கு.)

இப்போ விஷயத்துக்கு வருவோம். ரொம்பப் பேர் பண்றது: சி டிரைவைத் திறந்து, புரோகிராம் ஃபைல்ஸ்னு ஒரு ஃபோல்டர் பெருசா இருக்கிறதைப் பார்த்து, அதை அப்படியே கட் பண்ணி டி-ல பேஸ்ட். தயவு செஞ்சு இதைப் பண்ணாதீங்க.

ஒரு புரோகிராம்ங்கிறது அந்த ஒரு ஃபோல்டர் மட்டும் இல்லை. நாங்க கிட்னி மாத்துறப்போ புதுக் கிட்னியை வயித்துல வச்சுத் தச்சுட்டு மட்டும் வர முடியாது. ரத்தம் உள்ளே வர்ற தமனியை இணைக்கணும், வெளியே போற சிரையை இணைக்கணும், சிறுநீர்க் குழாயைப் பையோட இணைக்கணும். புரோகிராமுக்கும் இப்படிக் குழாய்கள் உண்டு. ரெஜிஸ்ட்ரின்னு விண்டோஸோட பெரிய பதிவேட்டுல அதோட முகவரி எழுதியிருக்கும். ஆப்டேட்டா, புரோகிராம்டேட்டான்னு ரெண்டு மறைவான ஃபோல்டர்கள்ல அதோட செட்டிங்ஸும் தரவும் கிடக்கும். சிலது விண்டோஸ் ஆன் ஆகும்போதே பின்னாடி ஓடுற சர்வீஸா பதிஞ்சிருக்கும். ஃபோல்டரை மட்டும் நகர்த்தினா இந்தக் குழாயெல்லாம் அந்தரத்துல தொங்கும். புரோகிராம் திறக்காது, அன்இன்ஸ்டால் பண்ணவும் முடியாது.

சரியான வழி, அந்தப் புரோகிராமை முறைப்படி அன்இன்ஸ்டால் பண்ணிட்டு, திரும்ப இன்ஸ்டால் பண்ணும்போது கஸ்டம்னு வர்ற இடத்துல டி டிரைவைக் காட்டுறது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்லேர்ந்து வந்த ஆப் நிறையத்துக்கு செட்டிங்ஸ்ல ஆப்ஸ் பக்கத்துலயே மூவ்னு ஒரு பட்டன் இருக்கும், அதுவே குழாயையெல்லாம் சேர்த்து மாத்திடும். பசங்க கேம் விளையாடுற ஸ்டீம்லயும் அதுக்குள்ளயே வேற டிரைவுக்கு மாத்துற வசதி உண்டு. கேம்தான் நகர்த்த ஏத்த சாமான். ஒண்ணே 80, 100 ஜிபி-ன்னு உக்காந்திருக்கும்.

ஆனா என்னோட அபிப்பிராயம் வேற. புரோகிராமை நகர்த்துறது கடைசி வேலையா இருக்கட்டும். ரெண்டு காரணம். ஒண்ணு, டி-ல இன்ஸ்டால் பண்ணாலும் அதோட ஒரு பங்கு சி-லதான் உக்காரும், நீங்க நினைச்ச அளவு இடம் மிஞ்சாது. ரெண்டு, எஸ்எஸ்டி வாங்கினதே புரோகிராம் வேகமா திறக்கணும்னுதானே! நான் திறந்து பார்த்த லேப்டாப்கள்ல சி-யை அடைச்சுக்கிட்டு இருந்தது புரோகிராம் இல்லை. டவுன்லோட்ஸ் ஃபோல்டர், டெஸ்க்டாப்புல கொட்டி வச்ச ஃபைல், வாட்ஸ்அப் இறக்கி வச்ச வீடியோ, ஃபோன் பேக்கப். டெஸ்க்டாப்புல இருக்கிறதும் சி-லதான் இருக்குங்கிறது பல பேருக்கு இன்னும் தெரியாது. கண்ணு முன்னாடி இருக்கிறதால அது வேற எங்கேயோ இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு மெனக்கெட்டு எழுதுறேன்னா, போன வருஷம் நடந்த ஒரு விஷயம். நோயாளி அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

எங்க லேப்ல பயோகெமிஸ்ட்ரி அனலைசரோட ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கோட வந்த பழைய பெட்டி. ரொம்ப மெதுவா இருக்குன்னு இடையில யாரோ 120 ஜிபி எஸ்எஸ்டி மாட்டி, அதுல விண்டோஸும் அனலைசர் சாஃப்ட்வேரும் போட்டுக் கொடுத்திருக்காங்க. பழைய டிஸ்க் டி டிரைவ் ஆயிடுச்சு. ரெண்டு வருஷம் ஜோரா ஓடுச்சு. ஒரு திங்கட்கிழமை காலையில, சுகர், பிரஷர் நோயாளிங்க வரிசையில நிக்கிறப்போ, சாஃப்ட்வேர் ரிசல்ட்டை சேவ் பண்ண மாட்டேன்னு உக்காந்துடுச்சு. மெஷின் ஓடுது, நம்பர் திரையில வருது, ஆனா பதிவாக மாட்டேங்குது. சி டிரைவ்ல ஒரு எம்பி கூட மிச்சமில்லை.

சரி பண்ண வந்தவர் பார்த்துட்டுச் சொன்னார்: "ஃபார்மட் அடிச்சுடலாம் சார், ஒரு மணி நேரம்." லேப் டெக்னீசியன் அக்கா கேட்டாங்க, "தம்பி, மூணு வருஷத்து ரிசல்ட் இருக்கே, அது?" "அதெல்லாம் டி-ல இருக்கும்க்கா, சி மட்டும்தான் அடிப்பேன்."

அக்கா என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. ஓபி-ல 60 பேர் நிக்கிறாங்க. பக்கத்து ரூம் மேடத்துகிட்ட அஞ்சு நிமிஷம் பார்த்துக்கச் சொல்லிட்டு ஓடினேன். டி-யைத் திறந்தா பேக்கப்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. தேதியைப் பார்த்தா, உள்ளே இருக்கிற கடைசி ஃபைல் எஸ்எஸ்டி மாட்டுறதுக்கு முந்தின வாரத்தோடது. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லை. அப்போ ரிசல்ட் எல்லாம் எங்கே? சி-ல, மறைவா இருக்கிற அந்த புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள்ள, சாஃப்ட்வேர் பேர்ல ஒரு டேட்டாபேஸா உக்காந்திருக்கு. "சி மட்டும்தான் அடிப்பேன்"னு அவர் சொன்ன அதே சி-ல.

வந்தவர் மேல எனக்குக் கோபமில்லை. அவருக்கு அது ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாளைக்குப் பத்து பார்க்கிறார். உள்ளே இருக்கிறது என்னன்னு சொல்ல வேண்டிய இடத்துல யாருமே இல்லைங்கிறதுதான் பிரச்சினை.

டேட்டாபேஸ் சின்னதுதான். நம்பரும் பேரும்தானே, ஒரு சில ஜிபி-க்குள்ள அடங்கிடுச்சு. சி-யை அடைச்சது வேற. சாஃப்ட்வேர் தன்னோட ஒவ்வொரு அசைவையும் தினமும் எழுதி வைக்கிற லாக் ஃபைல், 60 ஜிபி-க்கு மேல சேர்ந்திருந்துச்சு. முதல்ல சாஃப்ட்வேரை மூடிட்டு, டேட்டாபேஸ் ஃபோல்டரை அப்படியே டி-க்கு ஒரு காப்பி, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு காப்பி. அப்புறம் கம்பெனி சர்வீஸ் எஞ்சினியரை ஃபோன்ல பிடிச்சு, எந்த லாக்கை அழிக்கலாம்னு கேட்டு, பழசை அழிச்சோம். லாக் எழுதுற இடத்தை சாஃப்ட்வேர் செட்டிங்ஸ்லயே டி-க்கு மாத்திக் கொடுத்தார். 40 நிமிஷம். ஃபார்மட் தேவையே படலை.

அன்னைக்கு மதியம் ஒரு அம்மா வந்தாங்க. ஐம்பதுகள்ல வயசு, பத்து வருஷமா சர்க்கரை. அன்னைக்கு எடுத்த கிரியேட்டினின் 1.6. இந்த நம்பரைத் தனியா வச்சுக்கிட்டு ஒரு டாக்டரால முழுசா முடிவெடுக்க முடியாது. போன மாசம் நார்மலா இருந்து இப்போ 1.6-ன்னா அது அவசரம், அட்மிஷன் போட்டுக் காரணம் தேடணும். மூணு வருஷமா மெல்ல மெல்ல ஏறி 1.6-க்கு வந்திருந்தா அது வேற நோய், வேற வைத்தியம். "பழைய சீட்டு இருக்காம்மா?" "மழையில நனைஞ்சு போச்சு சாமி."

லேப்ல ரெஜிஸ்டர் புக் இருக்கத்தான் செய்யுது. ஆனா மூணு வருஷத்து ரெஜிஸ்டர்ல ஒருத்தர் பேரைத் தேடுறதுன்னா அன்னைக்கு வேற வேலை நடக்காது. அக்கா கம்ப்யூட்டர்ல பேரைத் தட்டினாங்க. 0.9, அப்புறம் 1.1, அப்புறம் 1.3. வருஷத்துக்கு ஒரு படி. அந்த நாலு நம்பரையும் வரிசையா எழுதிக் காட்டி, "அம்மா, வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"னு கேட்டப்போதான் சொன்னாங்க, முட்டி வலிக்கு மெடிக்கல்ல வாங்கித் தினமும் ரெண்டு போடுறேன்னு. வலி மாத்திரையை நிறுத்தி, மெட்ஃபார்மின் அளவைக் குறைச்சு, கிட்னி டாக்டருக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினோம். காலையில ஒரு மணி நேர வேலைன்னு ஃபார்மட் அடிச்சிருந்தா அந்த மூணு பழைய நம்பர் இருந்திருக்காது.

இதுல இன்னொரு விஷயம் கவனிங்க. லாக்கை டி-க்கு மாத்தினோம், ஆனா டேட்டாபேஸை சி-லயே விட்டுட்டோம். "ரிசல்ட் முக்கியமானது, அதை டி-ல வச்சாத்தானே சேஃப்"னு அக்கா கேட்டாங்க. ஓடிக்கிட்டு இருக்கிற டேட்டாபேஸை நிமிஷத்துக்கு நூறு தடவை கம்ப்யூட்டர் தொடும், அது எஸ்எஸ்டி-லதான் இருக்கணும். அதோட காப்பிதான் டி-க்குப் போகணும். இப்போ தினமும் சாயங்காலம் மெஷினை மூடுறதுக்கு முன்னாடி அக்கா ஒரு காப்பி டி-ல போடுறாங்க, சனிக்கிழமை ஒண்ணு வெளி டிஸ்க்ல. அந்த வெளி டிஸ்க் லேப் அலமாரியை விட்டு வெளியே போகாது. நோயாளிங்க விவரத்தை பென் டிரைவ்ல போட்டுப் பையில எடுத்துட்டுப் போற பழக்கம் சில இடத்துல இருக்கு, அது தப்பு. உதவி பண்றேன்னு வர்றவங்ககிட்டயும் அதைக் கொடுக்கக் கூடாது.

சரி, உங்க வீட்டு லேப்டாப்புக்கு வருவோம்.

டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், டவுன்லோட்ஸ் இந்த நாலும் விண்டோஸ் தானா உண்டாக்கின ஃபோல்டர். இதை டி-க்கு மாத்த விண்டோஸ்லயே வழி இருக்கு. முதல்ல டி-ல ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்க, அதுக்குள்ள நாலுக்கும் தனித்தனியா நாலு ஃபோல்டர். அப்புறம் டாக்குமெண்ட்ஸ் மேல ரைட் கிளிக், பிராபர்ட்டீஸ், லொகேஷன், மூவ். புது ஃபோல்டரைக் காட்டினா, பழைய ஃபைலையும் கொண்டு போகட்டுமான்னு கேட்கும், சரின்னு சொல்லுங்க. இனிமே எந்தப் புரோகிராம்ல டாக்குமெண்ட்ஸ்ல சேவ் பண்ணாலும் தானா டி-க்குத்தான் போகும். நீங்க எதையும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம்.

தனித்தனி ஃபோல்டர்னு நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. சிலர் ஃபோல்டர் உண்டாக்காம வெறும் டி டிரைவையே காட்டிடுவாங்க. அப்போ மொத்த டி டிரைவும் "டாக்குமெண்ட்ஸ்" ஆயிடும், திரும்ப மாத்துறது பெரிய தலைவலி. ரெண்டு ஃபோல்டருக்கும் ஒரே இடத்தைக் காட்டினாலும் இதே கதிதான். ஒன்டிரைவ் பேக்கப் ஓடிக்கிட்டு இருந்தா முதல்ல அதை நிறுத்திட்டு அப்புறம் மாத்துங்க, இல்லைன்னா ரெண்டும் கயிறு இழுக்கும்.

சி-யைச் சுத்தம் பண்ண வெளி ஆப் எதுவும் வேண்டாம். "ஒரே கிளிக்கில் வேகம்"னு விளம்பரம் வர்றதெல்லாம் எங்க துறையில "ஒரே வாரத்தில் சர்க்கரை குணம்"னு வர்ற மாதிரிதான். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் போங்க. எது எவ்வளவு இடம் பிடிச்சிருக்குன்னு அங்கேயே பட்டியல் இருக்கும். டெம்பரரி ஃபைல்ஸ்ல டிக் போட்டு அழிக்கலாம். ஆனா அந்தப் பட்டியல்ல டவுன்லோட்ஸும் ஒரு வரியா நிக்கும்! எல்லாத்துக்கும் கண்ணை மூடிக்கிட்டு டிக் அடிச்சா, பையனோட ஹால் டிக்கெட்டும் சேர்ந்து போகும். விண்டோஸ் பெரிய அப்டேட் ஆன பிறகு பழைய விண்டோஸ் ஒரு ஃபோல்டரா பல ஜிபி-க்கு உக்காந்திருக்கும். பிடிக்கலைன்னா திரும்பிப் போறதுக்காக வச்சிருக்கிறது, பத்து நாள்ல அதுவே போயிடும். அவசரம்னா நீங்களே அந்தப் பட்டியல்லேர்ந்து அழிக்கலாம்.

தொடக் கூடாதது: விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள எதுவுமே. உள்ளே வின்எஸ்எக்ஸ்எஸ்னு ஒண்ணு பயங்கரப் பெருசா தெரியும். அது குப்பை மாதிரி இருக்கும், குப்பை கிடையாது. எஸ்எஸ்டி-க்கு டீஃபிராக் வேண்டாம், தேவையானதை விண்டோஸ் தானே பார்த்துக்கும். சி-ல அஞ்சுல ஒரு பங்கு காலியா இருக்கிற மாதிரி பார்த்துக்கோங்க. பெட் ஃபுல்லான வார்டுல புது நோயாளி வந்தா என்ன ஆகுமோ அதேதான் எஸ்எஸ்டி-க்கும், ஒருத்தரை நகர்த்தாம இன்னொருத்தரைப் படுக்க வைக்க முடியாது. எல்லாமே மெதுவாகும்.

புதுசா எஸ்எஸ்டி வாங்கி மாட்டி, விண்டோஸ் போடப் போறவங்களுக்கு ஒரு விஷயம். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சதால இப்போ நிறைய பேர் இந்த வேலையில இறங்கியிருக்கீங்க. புது எஸ்எஸ்டி-ல விண்டோஸ் ஏத்தும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி வச்சுட்டு ஏத்துங்க. ரெண்டும் மாட்டியிருந்தா, விண்டோஸ் எஸ்எஸ்டி-ல போய் உக்காந்துக்கிட்டு, கம்ப்யூட்டரை எழுப்புற அந்தச் சின்ன பூட் ஃபைலை மட்டும் பழைய டிஸ்க்ல வச்சுடுறது உண்டு. ஒரு நண்பர் வீட்டுல இதான் நடந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சு, இதுல ஒண்ணுமில்லையேன்னு பழைய டிஸ்க்கைக் கழட்டினார். கம்ப்யூட்டர் எந்திரிக்கவே இல்லை. எஸ்எஸ்டி செத்துப் போச்சுன்னு புதுசு வாங்கக் கிளம்பிட்டார். டிஸ்க்கைக் கழட்டி வச்சா எதை ஃபார்மட் பண்றோம்ங்கிற குழப்பமும் வராது. திரையில ஒரே டிஸ்க்தான் காட்டும், தப்பானதை அழிக்க வழியே இல்லை.

கடைசியா ரெண்டு விஷயம், ரெண்டும் கொஞ்சம் கசப்பு.

ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு டிரைவ் இருக்கிறது பேக்கப் ஆகாது. இடி விழுந்தா, திருடு போனா, தண்ணி கொட்டினா, ரான்சம்வேர் புகுந்தா ரெண்டுமே போகும். மூணு காப்பி, ரெண்டு வகைச் சாதனம், ஒண்ணு வீட்டுக்கு வெளியேன்னு ஒரு பழைய கணக்கு உண்டு, அது போதும். ஹார்ட் டிஸ்க் சாகுறதுக்கு முன்னாடி பல சமயம் டிக் டிக்னு சத்தம் கொடுக்கும், முனகும். எஸ்எஸ்டி பெரும்பாலும் கார்டியாக் அரெஸ்ட் மாதிரி, நேத்து வரை நல்லாதான் இருந்துச்சுன்னு சொல்ல வைக்கும். எஸ்எஸ்டி-ல அழிச்ச ஃபைலை மீட்கிறதும் ரொம்பக் கஷ்டம், அழிச்ச இடத்தை அது தானே உள்ளே துடைச்சு வச்சுடும். ஹார்ட் டிஸ்க்லயாவது மேல வேற எழுதாத வரைக்கும் நம்பிக்கை இருக்கு. அதே மாதிரி வருஷக்கணக்குல கரண்ட் படாம பீரோவுல வைக்க எஸ்எஸ்டி சரிப்படாது, அதுக்கு ஹார்ட் டிஸ்க்தான்.

அடுத்தது பிட்லாக்கர். புது விண்டோஸ் 11 லேப்டாப்கள்ல நீங்க கேட்காமலே டிரைவைப் பூட்டி வச்சிருக்கலாம். டிஸ்க்கைக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டினா 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி உங்க மைக்ரோசாஃப்ட் கணக்குல இருக்கும். அந்தக் கணக்கு யார் பேர்ல, எந்த ஈமெயில்ல இருக்குன்னு முதல்ல பாருங்க. கடைக்காரர் அவர் ஈமெயில்ல போட்டுக் கொடுத்திருந்தா சாவி அவர்கிட்ட இருக்கு. இன்னைக்கே பார்த்து, சாவியைப் பேப்பர்ல எழுதி ரேஷன் கார்டு வச்சிருக்கிற கவர்ல போட்டு வைங்க.

கமெண்ட்ல கேட்கிறவங்க டாஸ்க் மேனேஜர் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தையும், செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் பக்கத்தையும் ஃபோட்டோ எடுத்துப் போட்டுட்டுக் கேளுங்க. "ஸ்லோவா இருக்கு டாக்டர்"னு மட்டும் சொன்னா, "உடம்பு ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்"னு சொல்ற மாதிரிதான். இன்னைக்கு நைட் டூட்டி, நாளைக்குக் காலையில தூங்கி எந்திரிச்சுதான் பதில் போடுவேன். அதுவரைக்கும் யாரும் எதையும் ஃபார்மட் பண்ணிடாதீங்க.